9 வாரக் குட்டி கக்குது, பேதியும் போகுது: எவ்வளவு நேரம் பாக்கலாம், எப்பத் தூக்கிட்டு ஓடணும்?

காங்கேயம்_சாளை | காலை 6:20

வணக்கமுங்க. நாட்டு நாய்க்குட்டி, பெட்டை, ஒம்பது வாரம். தாய்கிட்ட இருந்து பிரிச்சுக் கொண்டாந்து பன்னெண்டு நாள் ஆச்சு. புழு மருந்து ஒருக்கா குடுத்தாச்சு, தடுப்பூசி இன்னும் போடலை. நேத்துப் பொழுதோட வெச்ச சோத்தை மோந்து பாத்துட்டு அப்படியே போயிருச்சு. ராத்திரி பத்து மணிக்கு ஒருக்கா மஞ்சத் தண்ணியாக் கக்குச்சு. விடியால மறுக்காவும் கக்கிருக்கு, கூடவே தண்ணியாட்டப் பேதி. ரத்தம் கண்ணுக்குத் தெரியலை. கூப்பிட்டா வாலை ஆட்டுது, ஆனா எந்திரிச்சு வரமாட்டேங்குது.

சாளையிலிருந்து (தோட்டத்து ஊடு) ஆஸ்பத்திரி 22 கிலோமீட்டர். குட்டின்னா ரெண்டு நாளைக்கு இப்படித்தான் இருக்கும், தயிர்ச்சோறு வெச்சாச் சரியாப் போயிரும்னு ஊட்ல சொல்றாங்க. எனக்குத் தெரிய வேண்டியது: எதைப் பாத்து இன்னைக்கே போகணும்னு முடிவு பண்றது? ஊட்ல வெச்சுப் பாக்கலாம்னா எது வரைக்கும் பாக்கறது? அளவோட சொன்னீங்கன்னா நல்லதுங்க.


நொய்யல்கரை | காலை 6:45

இன்னைக்கே, காலையிலேயே போங்க. பொழுது சாயற வரைக்கும் பாக்க வேண்டாம். காரணத்தையும் சொல்லிடறேன், அடுத்த தடவை நீங்களே முடிவெடுக்க அதுதான் உதவும்.

வளர்ந்த நாய் ஒரு நாள் கக்கி, பேதி போனாலும் தாங்கும். குட்டிக்கு அந்த இருப்பு உடம்புல கிடையாது. 3 கிலோ குட்டிக்கு நல்லா இருக்கறப்பவே ஒரு நாளைக்குச் சுமார் 300 மில்லி தண்ணி வேணும். கக்கல்லயும் பேதியிலயும் போறதை அதுக்கு மேல ஈடு கட்டணும். வாய் வழியாக் குடுக்கறது தங்கலைன்னா ஈடு கட்ட வழியே இல்லை. அதோட குட்டியோட கல்லீரல்ல சேத்து வெச்சிருக்கற சர்க்கரை ரொம்பக் கொஞ்சம். பன்னெண்டு மணி நேரம் வயிறு காலியாக் கிடந்தா ரத்தத்துல சர்க்கரை இறங்கி, கால் பின்னி, நடுங்க ஆரம்பிக்கும். பெரிய நாய்க்கு "ஒரு நாள் பட்டினி போடு"ன்னு சொல்றதைக் குட்டிக்குச் சொல்லக் கூடாது.

அதனால நாலு மாசத்துக்கு உட்பட்ட குட்டிக்குக் கணக்கு இப்படி: கக்கறது, பேதி, சாப்பிடாதது, சுணங்கிக் கிடக்கறது. இந்த நாலுல ஒண்ணே ஒண்ணு இருந்தாக் கூர்ந்து பாக்கலாம். ரெண்டு சேர்ந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. மூணு சேர்ந்துட்டா அந்த மணி நேரமே கிளம்பணும். உங்க குட்டிக்கு நாலும் இருக்கு, தடுப்பூசியும் போடலை. ஒம்பது வாரம்ங்கறது தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி வடிஞ்சுட்டு வர்ற வயசு, பார்வோ (குட்டியோட குடலைத் தாக்கற வைரஸ் நோய்) தேடி வர்ற வயசு. ரத்தம் வரலைங்கறதை வெச்சு மனசைத் தேத்திக்காதீங்க. பார்வோவுல முதல்ல சுணக்கம், அப்புறம் கக்கல், அதுக்குப் பொறவுதான் பேதி, ரத்தம் பல சமயம் கடைசியாத்தான் வரும். ரத்தத்தைப் பாத்துட்டுக் கிளம்பறவங்க ஒரு நாளைத் தொலைச்சுட்டுத்தான் வர்றாங்க.

வண்டி எடுக்கறதுக்குள்ள பத்து நிமிசம் கிடைச்சா இதைப் பாத்துக் குறிச்சு வெச்சுக்கங்க. டாக்டருக்கும் உதவும், உங்களுக்கும் அவசரம் எவ்வளவுன்னு தெரியும்.

காய்ச்சல்: தொட்டுப் பாக்கறது, மூக்கு ஈரம் பாக்கறது ரெண்டையும் நம்பாதீங்க. மெடிக்கல்ல கிடைக்கற டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். முனையில தேங்காயெண்ணெய் தடவி, வாலைத் தூக்கிப் பிடிச்சு, ஆசனவாய்க்குள்ள முனை மட்டும், ஒரு இஞ்ச்சுக்குக் குறைவா விட்டுப் பிடிங்க. ஒம்பது வாரக் குட்டிக்கு 100.5 முதல் 102.5 வரைக்கும் சரியான சூடு. 103க்கு மேல காய்ச்சல். 104 தாண்டினா வேற அறிகுறி இல்லாட்டியும் போகணும். நெறையப் பேர் கவனிக்காதது கீழ் அளவு: 99க்குக் கீழ போனா அது 105ஐ விடப் பயப்பட வேண்டிய சேதி, உடம்பு தோத்துட்டு இருக்குன்னு அர்த்தம். அந்தத் தெர்மாமீட்டர் மேல நாய்க்குன்னு எழுதித் தனியா வெச்சுருங்க, மறுபடி மனுசங்களுக்கு வேண்டாம்.

ஈறு: மேல் உதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேல இருக்கற ஈறைக் கட்டை விரலால அழுத்தி விடுங்க. வெளுத்து, ரெண்டு நொடிக்குள்ள இளஞ்சிவப்புத் திரும்பணும். மூணு நொடி ஆச்சுன்னா ரத்த ஓட்டம் குறைஞ்சுட்டு வருது. நாட்டுக் குட்டிகள்ல பலதுக்கு ஈறே கருப்பா இருக்கும், ஒண்ணும் தெரியாது. அதுகளுக்குக் கீழ் இமையை லேசா இழுத்து உள்பக்கம் பாருங்க. வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தாக் கொக்கிப்புழுவோ, உண்ணியோ, தெள்ளுப்பூச்சியோ ரத்தத்தைக் குடிச்சிருக்கலாம். மஞ்சளா இருந்தா உண்ணிக் காய்ச்சல், எலிக்காய்ச்சல் ரெண்டையும் நினைக்கணும். நீலமோ சாம்பலோ இருந்தா மூச்சுக் கோளாறு, ஒரு நிமிசமும் தாமதிக்கக் கூடாது.

ஈரம்: தோலைக் கிள்ளி விட்டுப் பாக்கச் சொல்வாங்க. ஆனா குட்டிக்குத் தோல் இயல்பாவே தொளதொளன்னு இருக்கறதாலயும் மெலிஞ்ச உடம்புங்கறதாலயும் அது பல தடவை ஏமாத்தும். ஈறுல விரலை ஓட்டிப் பாருங்க. வழுக்கிட்டுப் போனாப் பரவால்லை. ஒட்டற மாதிரி இழுத்துட்டா வறட்சி வந்தாச்சு.

எடை: இதைத்தான் நான் எல்லாத்துக்கும் மேல வெப்பேன். துணிப்பையில குட்டியை வெச்சுக் கொக்கித் தராசுல மாட்டினா ஆச்சு. 3 கிலோ குட்டி ஒரே நாள்ல 150 கிராம் இறங்கினா உடம்பு எடையில நூத்துக்கு அஞ்சு பங்கு தண்ணியாப் போயிருக்கு. 300 கிராம்னா பத்து பங்கு, அது ஊட்ல மீட்கற எல்லையைத் தாண்டினது. குட்டி வாங்கின நாள்ல இருந்து வாரம் ஒருக்கா எடை எழுதி வெச்சிருந்தாத்தான் இந்தக் கணக்கு வரும்.

மூச்சு: தூங்கறப்ப நெஞ்சு ஏறி இறங்கறதை 30 நொடி எண்ணி ரெண்டால பெருக்குங்க. 40க்குள்ள இருக்கணும். கனவுல கால் உதைச்சுட்டு இருக்கறப்ப எண்ணினாத் தப்பா வரும், கொஞ்சம் பொறுத்து மறுபடி எண்ணுங்க.

சில அறிகுறிக்கு இந்தக் கணக்கு எதுவுமே வேண்டாம், உடனே கிளம்பணும்: வலிப்பு, நிக்க முடியாம சாயறது, வயிறு பலூன் மாதிரி உப்பிக் கல்லாட்டம் இருக்கறது, கக்கப் பாத்து ஒண்ணும் வராம ஓங்கரிக்கறது, ஒண்ணுக்குப் போக முக்கி முக்கி வராம இருக்கறது, கருந்தார் மாதிரி மலம், வண்டி ஏறினது, பாம்பு.

ஊட்ல வெச்சுப் பாக்கக் கூடியது எதுன்னா: தடுப்பூசி ஒழுங்காப் போட்ட, நாலு மாசம் தாண்டின குட்டி, ஒரு தடவை கக்கிட்டு மறு நிமிசம் செருப்பைக் கடிச்சுட்டு ஓடுது, இல்ல மலம் கொஞ்சம் இளகி இருக்கு, மத்தபடி துள்ளுது. இதுக்கு 24 மணி நேரம் தரலாம். பால், தயிர், மோர் நிறுத்திடுங்க. பசும்பாலும் எருமைப்பாலும் பேதியைக் கூட்டும். தயிர்ல புளிச்சதால கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான், மருந்து கிடையாது. குழைய வேகவெச்ச அரிசிச் சோறு ரெண்டு மூணு பங்கு, தோலும் எலும்பும் இல்லாம வேகவெச்ச கோழிக்கறி ஒரு பங்கு. உப்பு, மொளகா, வெங்காயம், பூண்டு எதுவும் ஆகாது. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒரு கரண்டி. தண்ணியைச் சட்டி நிறைய வெச்சா மடமடன்னு குடிச்சுக் கக்கும். 15 நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு டீஸ்பூன். அந்த 24 மணி நேரத்துக்குள்ள ரெண்டாவது அறிகுறி சேர்ந்தாலோ, கக்கறது மூணாவது தடவை ஆனாலோ, அங்கயே நிறுத்திட்டுக் கிளம்புங்க.

மனுச மருந்து ஒண்ணும் வேண்டாம். பேதியை நிறுத்தற லோபரமைடு குடலைக் கட்டிப் போட்டு, வெளிய போக வேண்டிய நஞ்சை உள்ளயே நிறுத்தும். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் குடல்ல புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குட்டி எடைக்குப் பெரியவங்க மாத்திரை ஒண்ணுங்கறது எத்தனையோ மடங்கு.


மஞ்சக்காடு | காலை 7:05

மேல சொன்னதோட எனக்குச் சண்டை இல்லை. ஒண்ணு மட்டும் சேர்க்கணும். தோட்டத்துக் குட்டி கக்கி, பேதி போனா எல்லாம் பார்வோ இல்லைங்க. என்ன தின்னுச்சுங்கறதைக் கண்டுபிடிச்சுட்டுப் போனா ஆஸ்பத்திரில பாதி நேரம் மிச்சம். சாளையைச் சுத்தி ஒரு நடை போயிட்டு வாங்க.

தென்னைக்கோ மஞ்சளுக்கோ ஆமணக்குப் புண்ணாக்கு வெச்சிருக்கீங்களா? அந்த வாசத்துக்கு நாய் மண்ணைத் தோண்டித் தின்னும். அதுல இருக்கற ரிசின் உடனே காட்டாது. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழிச்சுத்தான் கக்கல், வயித்து வலி, ரத்தப் பேதின்னு வரும். பார்வோ மாதிரியே இருக்கும். மூட்டை கட்டுத்தரை ஓரமாப் பிரிஞ்சு கிடந்தாலோ, மரத்தடியில பறிச்ச குழி இருந்தாலோ டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா அதைச் சொல்லுங்க. வேலியோரத்து ஆமணக்குக் கொட்டையைக் கடிச்சாலும் அதே நஞ்சு. அரளி வேற மாதிரி, அது இதயத் துடிப்பைக் குலைக்கும்.

பூச்சி மருந்து, குருணை மருந்து: வாய்ல எச்சில் ஒழுகும், கண்ணுல தண்ணி வடியும், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், தோல் துடிக்கும், கூடவே பேதி. இதுக்கு மாத்து மருந்து இருக்கு, ஆனா நேரத்தோட போகணும். உடம்புல பட்டிருந்தாக் கையில பாலித்தீன் உறை மாட்டிட்டு சோப்புப் போட்டுக் கழுவி, துணியில சுத்தித் தூக்கிட்டுப் போங்க. மாட்டுக்கு உண்ணி போக அடிக்கற மருந்தைக் குட்டிக்கு அதே கரைசல்ல பூசறதும் இதே கதியில கொண்டு விடும். மாட்டோட அளவு வேற, ரெண்டு மாசக் குட்டி வேற, பத்தாததுக்கு அது நக்கும்.

எலி மருந்துல ரெண்டு ஜாதி. கருப்புப் பொடி ஜிங்க் பாஸ்பைடு, வயித்து அமிலத்துல பட்டதும் விஷ வாயுவாகும். இதுக்குச் சோறோ பாலோ குடுத்தா அமிலம் ஊறி வாயு கூடத்தான் செய்யும். குட்டி வண்டில கக்கினா அந்த வாயு உங்களுக்கும் ஆகாது, கண்ணாடியை இறக்கி வெச்சுட்டு ஓட்டுங்க. இன்னொண்ணு கலர் கட்டியா வர்றது, ரத்தம் உறையாமப் பண்றது. அதைத் தின்ன குட்டி ரெண்டு மூணு நாள் சிரிச்சுட்டு விளையாடும், அப்புறம் மூக்குல, மலத்துல, நெஞ்சுக்குள்ள ரத்தம் கசியும். கட்டியில பல்லுப் பட்ட தடம் பாத்தீங்கன்னா, குட்டி நல்லா இருக்கறப்பவே தூக்கிட்டுப் போங்க. வைட்டமின் கே1 குடுத்துக் காப்பாத்தற நாள் அதுதான். மருந்து வந்த அட்டையை மறக்காம எடுத்துக்கங்க.

உப்புத் தண்ணி ஊத்திக் கக்க வைக்கறது, தேங்காயெண்ணெய் ஊத்தறது, பால் ஊத்தறது எதுவும் செய்யாதீங்க. ரத்தத்துல உப்பு அதிகமானா மூளையைப் பாதிக்கும். எண்ணெய் நுரையீரல்ல இறங்கும்.

இன்னொண்ணு, திருப்பூர்ப் பக்கம் எல்லாரும் குட்டிக்குப் படுக்கையா பனியன் வேஸ்ட் போடறோம். மெத்துன்னு இருக்கும், சும்மாக் கிடைக்கும். ஆனா அதுல இருந்து பிரியற நூல் குட்டி வாய்க்குப் போகும். நூலோட ஒரு முனை நாக்கு அடியில சுத்திக்கும், மறு முனை குடலுக்குள்ள போய்ட்டே இருக்கும். குடல் அந்த நூல் மேல ஏறி, பாவாடை நாடா இழுத்த மாதிரி சுருக்குச் சுருக்கா மடியும், நூல் அறுத்துட்டே இருக்கும். வாயைத் திறந்து, தாடைக்கு அடியில இருந்து கட்டை விரலால நாக்கை மேல தள்ளி அடிப்பக்கத்தைப் பாருங்க. மெல்லிசா ஒரு கோடு தெரிஞ்சா அதை இழுக்காதீங்க, வெட்டாதீங்க. பின்னாடி நூல் தொங்கினாலும் அப்படித்தான். இழுத்தா உள்ள குடல் கிழியும். சொட்டுநீர் குழாய்த் துண்டு, தேங்காய் நார், மாங்கொட்டை, மக்காச்சோளக் கருது இதெல்லாமும் அடைக்கும். அடைப்புன்னா எது குடுத்தாலும் கக்கும், மலம் நின்னு போகும் இல்ல துளித் துளியா வரும். வாந்தி நிக்க ஊசி போடறதுக்கு முன்னாடி டாக்டருக்கு இந்தச் சந்தேகம் தெரியணும்.

மழைக்காலத்துல தேரையைக் கடிச்சு நுரை தள்ளினா, தலையைக் கீழ் சாய்ச்சு, ஈரத் துணியால ஈறையும் நாக்கையும் துடைச்சுட்டே இருங்க. நடுக்கம் வந்தாக் கிளம்புங்க. ராத்திரி தரையில படுத்த குட்டி வீக்கம் எதுவும் இல்லாம விடியால துவண்டு கிடந்தாக் கட்டுவிரியனையும் நினைக்கணும், அந்தக் கடி வலிக்கறதும் இல்லை, தடம் காட்டறதும் இல்லை. கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க, நடக்க விடாமத் தூக்கிட்டுப் போங்க.


காங்கேயம்_சாளை | காலை 7:30

ரொம்ப நன்றிங்க. பாத்தாச்சு. சூடு 103.4. ஈறு கருப்பு, இமைக்குள்ள பாத்தா வெளிர் ரோஸ், வெள்ளை இல்லை. ஈறுல விரல் ஒட்டுது. மூச்சு 36. போன ஞாயித்துக்கிழமை 3 கிலோ, இப்ப 2.750. நாக்கடியில நூல் இல்லை. புண்ணாக்கு மூட்டை கட்டியபடி இருக்கு, எலி மருந்து தோட்டத்துல கிடையாது. இப்பத்தான் மறுபடி கக்குச்சு. பேதியில ரோஸ் கலர்ல சளி மாதிரி இருக்கு, நாத்தம் தாங்க முடியலை. ஓஆர்எஸ் கரைச்சு ஊத்திட்டுக் கிளம்பட்டுங்களா?


நொய்யல்கரை | காலை 7:34

ஊத்த வேண்டாம். கிளம்புங்க. கால் கிலோ இறங்கியிருக்கு, மூணாவது கக்கல், ரோஸ் சளி. டிரிப் ஏத்தினாத்தான் இனி தண்ணி தங்கும். துவண்ட குட்டி வாய்ல ஊத்தினா நுரையீரல்ல போய் நிமோனியா சேர்ந்துக்கும்.

கால் பின்னினாலோ நடுங்கினாலோ தேன் இல்ல கெட்டியான சர்க்கரைத் தண்ணி அரை டீஸ்பூன் விரல்ல தொட்டு ஈறுல தேய்ங்க. விழுங்க வைக்க வேண்டியதில்லை. கடிச்சுக்கிட்டு வலிப்பு வந்தா வாய்க்குள்ள விரல் விடாதீங்க.

அட்டைப்பெட்டி, அடியில பழைய பேப்பர் நாலு மடிப்பு, மேல ஒரு துண்டு. பைக்ல போறதா இருந்தாக் காத்து நேரா அடிக்காமப் பெட்டியை மூடி நடுவுல வெச்சுக்கங்க, மூடியில நாலு ஓட்டை. பேதியை ஒரு சின்ன டப்பாவுல எடுத்துக்கங்க, முடியலைன்னா நல்ல வெளிச்சத்துல போட்டோ.

போறதுக்கு முன்னாடி போன் பண்ணி "தடுப்பூசி போடாத ஒம்பது வாரக் குட்டி, கக்கி, ரத்தச் சளியோட பேதி போகுது"ன்னு இதே வார்த்தையில சொல்லுங்க. அங்க போனதும் குட்டியைத் தரையில விடாதீங்க, பெட்டியோட வெளியவே நில்லுங்க. ஊசி போட வந்திருக்கற மத்த குட்டிகளுக்கு உங்க பெட்டி ஆபத்து. ஊர் மருந்தகத்துல டாக்டர் மாட்டுக்கு வெளிய போயிருக்கலாம், அதனாலயும் போன் முக்கியம். 1962க்குக் கூப்பிட்டா வர்ற நடமாடும் வண்டி முக்கியமா ஆடு மாட்டுக்கானது. இந்த நிலைமையில அதுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

டாக்டர்கிட்ட மூணு விசயம் கேளுங்க. பார்வோ கிட் டெஸ்ட் பண்ண முடியுமா. வெள்ளை அணு எண்ணிக்கை பாக்க முடியுமா. நாள் பூரா டிரிப் ஏத்தி வெச்சிருக்க வசதி இருக்கா. கிட்ல முதல் ஒண்ணு ரெண்டு நாள் இல்லைன்னு காட்டினாலும் நோய் இருக்கலாம், மறுநாள் மறுபடி பாக்கச் சொல்லலாம். கடைசிக் கேள்விக்கு இல்லைன்னு பதில் வந்தா எங்க போகலாம்னு அவங்ககிட்டயே கேட்டு எழுதி வாங்கிக்கங்க. நம்ம பக்கம் நாமக்கல்ல 1985ல இருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, உடுமலைப்பேட்டையிலயும் தலைவாசல்லயும் இப்பக் கல்லூரி வந்தாச்சு.


பவானிக்கரை | காலை 7:50

ஓஆர்எஸ் பத்தி ஒரு வார்த்தை, பின்னாடி படிக்கறவங்களுக்காக. ஓஆர்எஸ் தப்பான பொருள் இல்லைங்க. கக்காம, பேதி மட்டும் போற, தானா நக்கிக் குடிக்கற குட்டிக்கு நல்லதுதான். பாக்கெட்ல ஒரு லிட்டருக்குன்னு போட்டிருந்தா முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர்ல கரைக்கணும். பாதி லிட்டர்ல கரைச்சா உப்புக் கூடி, குடல்ல இருந்து தண்ணியை இன்னும் இழுக்கும். கரைச்சது ஒரு நாள்தான், மிச்சத்தைக் கொட்டிருங்க. கக்கற குட்டிக்கு மட்டும்தான் மேல சொன்ன தடை.

அப்புறம் எச்சில் ஒழுகறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அதை யாரும் சொல்லலை. தாடை தொங்கி, விழுங்க முடியாம, எச்சில் வழிஞ்சு, குரல் மாறி, சும்மா இருந்தது திடீர்னு கடிக்க வந்தா, தொண்டையில எலும்பு மாட்டிருக்கும்னு கையை விட்டுப் பாக்காதீங்க. வெறிநோய் குட்டிக்கும் வரும், தெருவுல இருந்து தூக்கின குட்டிக்குக் கடி எப்ப பட்டதுன்னே தெரியாது. பல்லோ எச்சிலோ தோல்ல பட்டிருந்தா ஓடற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிசம் கழுவிட்டு, அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரில ஊசி ஆரம்பிக்கணும். குட்டி என்ன ஆகுதுன்னு பாத்துட்டுப் போட்டுக்கலாம்னு இருக்கக் கூடாது.


காங்கேயம்_சாளை | மதியம் 12:15

கிட்ல பார்வோன்னு வந்துருச்சுங்க. டிரிப் ஓடிட்டு இருக்கு, கக்கறது நிக்க ஊசி போட்டிருக்காங்க. தினமும் வந்தாகணும், அஞ்சு நாள் வரைக்கும் ஆகலாம்னாங்க. சாளையில மூணு வயசு நாய் ஒண்ணு இருக்கு. இதோட கூடப் பொறந்த குட்டி ஒண்ணு பக்கத்துத் தோட்டத்துல இருக்கு, அது இப்ப நல்லா இருக்கு. என்ன பண்றதுங்க?


அமராவதி_பட்டி | மதியம் 12:50

நேரத்தோட போயிருக்கீங்க. டிரிப்பும் கவனிப்பும் கிடைச்ச குட்டிகள்ல பெரும்பாலானது பிழைச்சு வந்துரும், கிடைக்காததுல பெரும்பாலானது போயிரும். முதல் மூணு நாலு நாள் கடினமா இருக்கும். நாளைக்குக் கொஞ்சம் தேறினாப்புல தெரிஞ்சாலும் டிரிப்பை நடுவுல நிறுத்திக் கூட்டிட்டு வராதீங்க.

பக்கத்துத் தோட்டத்துக் குட்டிக்கு: கிருமி உள்ள போய் மூணுல இருந்து ஏழு நாள்ல சாதாரணமாக் காட்டும், பதினாலு நாள் வரைக்கும் போகலாம். ரெண்டும் பிரிஞ்சு பன்னெண்டு நாள் ஆனதால, அங்கிருந்து வந்ததா இல்ல உங்க மண்ணுல இருந்ததான்னு சொல்ல முடியாது. இன்னைக்கே காலையும் பொழுதோடயும் சூடு பாக்கச் சொல்லுங்க. 102.5க்குள்ள இருந்து, தின்னுட்டு ஓடிட்டு இருந்தா உடனே தடுப்பூசி போட்டுரலாம், காத்திருக்க வேண்டியதில்லை. ஊசி பிடிக்க அஞ்சாறு நாளாவது ஆகும்ங்கறதால பதினாலு நாள் அதை வேற நாய்கிட்ட விடக் கூடாது. 103 காட்டினாலோ ஒரு வேளை சோத்தை மறுத்தாலோ, கக்கறதுக்குக் காத்திருக்காமத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. அந்தத் தோட்டத்துக்கு நீங்க இதே செருப்போட போகாதீங்க. போன்ல சொல்லுங்க.

மூணு வயசு நாய்க்கு வருசாவருசம் ஊசி போட்டிருந்தா பயமில்லை. போடலைன்னா இன்னைக்கு டாக்டர்கிட்ட கேட்டுப் போட்டுருங்க. மனுசங்களுக்கும் மாடு ஆட்டுக்கும் இது ஒட்டாது.

இந்தக் கிருமி பினாயிலுக்கோ டெட்டாலுக்கோ சானிடைசருக்கோ சாகறது இல்லை. பேதி, கக்கல் கிடந்த இடத்தை முதல்ல அள்ளி ஆழமாப் புதைச்சு, சோப்புத் தண்ணியில தேய்ச்சுக் கழுவுங்க. அழுக்கு மேல எதை ஊத்தினாலும் வேலை செய்யாது. அப்புறம் துணி வெளுக்கற பிளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணி முப்பது பங்கு, அதாவது லிட்டருக்கு 30 மில்லி கொஞ்சம் கூட. அன்னன்னைக்குக் கலக்கி, பத்து நிமிசம் ஈரமாவே நிக்க விட்டுக் கழுவுங்க. பினாயிலோட, ஆசிட்டோட சேத்துக் கலக்காதீங்க, மூச்சை அடைக்கற வாயு வரும். சிமெண்ட் தரை, சட்டி, சங்கிலிக்கு இது போதும். பனியன் வேஸ்ட் படுக்கையை எரிச்சுருங்க.

சாணி மெழுகின தரையும் வாசல் மண்ணும் சுத்தம் பண்ண வராது. நிழல்ல, ஈரத்துல இந்தக் கிருமி மாசக்கணக்குல, ஒரு வருசம் கூட இருக்கும். குட்டி போற இடத்தை மட்டும் ஒரு மூலையாக் கட்டுப்படுத்துங்க, தேறின பொறவும் ரெண்டு வாரம் மலத்துல கிருமி போகும். அடுத்த ஒரு வருசத்துக்கு ஊசி முடியாத குட்டி எதையும் அந்த வாசலுக்குக் கொண்டு வராதீங்க.

ஊசிக் கணக்கு இதுதான்: ஆறுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள முதல் ஊசி, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணு, 16 வாரம் ஆகற வரைக்கும். தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி உடம்புல மிச்சம் இருக்கற வரைக்கும் ஊசியை அதுவே முறிச்சுரும். அது என்னைக்கு வடியும்னு குட்டிக்குக் குட்டி மாறும். அதனாலதான் 45 நாள்ல ஒண்ணு போட்டு நிறுத்தின குட்டிக்கும் பார்வோ வருது. கடைசி ஊசி 16 வாரத்துக்கு முன்னாடி முடிஞ்சிருந்தா அது முடிஞ்ச கணக்கு இல்லை. வெறிநோய் ஊசி மூணு மாசத்துல தனி. புழு மருந்து ரெண்டு வாரத்துல ஆரம்பிச்சு எட்டு வாரம் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் மாசம் ஒருக்கா, ஒவ்வொரு தடவையும் அன்னைக்கு எடை போட்டு அதுக்கு ஏத்த அளவு.

இன்னைக்கு ராத்திரி குட்டியை ஊட்டுக்கு அனுப்பினா, சோறு எப்ப ஆரம்பிக்கணும், எத்தனை மில்லி, எந்த மணிக்கு மறுபடி கொண்டு வரணும்னு சீட்டுல எழுதி வாங்கிக்கங்க. கக்கறது நின்னு பன்னெண்டு மணி நேரம் ஆற வரைக்கும் பட்டினி போடற பழக்கம் இப்ப இல்லை, தங்கற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாச் சீக்கிரமே குடல்ல சோறு போனாத்தான் குடல் சுவர் வளரும். ராத்திரி மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா எந்திரிச்சுச் சூடு பாருங்க. 99க்குக் கீழ இறங்கினா, பாட்டில்ல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தித் துணியில சுத்திப் பக்கத்துல வெச்சுட்டு, விடியற வரைக்கும் நிக்காமப் போன் பண்ணுங்க.